உட்கார்ந்திருந்த ஆலாக்கள்

முஹம்மது ஷரீஃபுக்குப் பட்சிகளின் பெயர் தெரியாது. தெரியாது என்றால் சுத்தமாகத் தெரியாது. ஆலா, கொக்கு, பருந்து, நீர்க்காகம், இந்த நாலோடு அவருடைய படிப்பு முடிந்தது. ஆனால் பட்சி என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். ஆலா தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்தால் அடியில் சாளைக் கூட்டம் நிற்கிறது. உயரத்திலேயே வட்டம் போட்டால் மீன் ஆழத்தில் கிடக்கிறது, பொறுத்திருக்க வேண்டும். நடுக்கடலில் உட்கார்ந்திருந்தால் அங்கே என்னமோ மிதக்கிறது. கடலில் கிடந்த முப்பது வருஷத்தில் பட்சியின் முகத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பட்சிக்குக் கீழே இருக்கும் தண்ணீரைத்தான் பார்த்திருக்கிறார். இப்போது பாருங்கள், அதே மனுசர் தேங்காய்ப்பட்டணத்துப் பொழிமுகத்தில், ஆறு கடலில் சேரும் இடத்தில், வள்ளத்துக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டி, நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு பட்சி காட்டுகிறார். பிழைப்பு ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யார் கண்டது!

அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டம் இருந்தது. ஆனால் ஓட்டத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று அன்றைக்கு அவர் தலையில் இருந்தது. தம்பி பெண்டாட்டி சுல்ஃபியாவிடம் சாயங்காலத்துக்குள் அவர் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தம்பி ஷமீர் மௌத்தாகிவிட்டான், இறந்துபோனான் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் சொல்ல மாட்டேன் என்றாவது சொல்ல வேண்டும்.

எட்டு வருஷத்துக்கு முன் ஒக்கிப் புயல் அடித்த அன்று தம்பி ஷமீர் வேறொருவர் வள்ளத்தில், கூட இரண்டு பேரோடு கடலில் இருந்தான். ஷரீஃபின் எஞ்சின் கழற்றிப் போட்டுக் கிடந்ததால் அவர் கரையில் இருந்தார். போன மூன்று பேரும் வரவில்லை. மற்ற இருவரின் மனைவிமாரும் அந்த வருஷமே இத்தா இருந்து முடித்துவிட்டார்கள். கணவன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டை விட்டு இறங்காமல், அந்நிய ஆண் முன்னால் வராமல் இருப்பதுதான் இத்தா. சுல்ஃபியா மட்டும் முடியவே முடியாது என்றுவிட்டாள். அதற்குக் காரணம் ஒரு கயிறு.

புயல் கழிந்த ஆறாம் நாள் வேறு ஊர்க்காரர்கள் அந்த வள்ளத்தைக் கவிழ்ந்த நிலையில் கண்டு இழுத்து வந்தார்கள். அடிப்புறத்தில் குறுக்காக ஒரு கயிறு கட்டியிருந்தது. நேராக மிதக்கும் வள்ளத்தில் எந்தப் பைத்தியக்காரனும் அப்படிக் கட்ட மாட்டான். கவிழ்ந்த பிறகு அதன் முதுகில் ஏறிக் கிடந்தவன் பிடித்துக்கொள்வதற்காகக் கட்டியது அது. முடிச்சும் ஷமீர் போடும் முடிச்சு. "கயித்தைக் கெட்டுகதுக்கு உசிரு இருந்திச்சு இல்லியா? அப்பம் ஏதோ கப்பல்காரன் ஏத்திட்டுப் போயிருக்கான்" என்று சுல்ஃபியா அன்றைக்குச் சொன்னாள். எட்டு வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மகள் இர்ஷாதா நர்சிங் படிக்கிறாள். தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தால் பாடத்தை விட்டுவிட்டு வெளியே ஓடிப்போய் எடுப்பாள்.

போன வெள்ளிக்கிழமை ஜமாஅத்துப் பெரியவர் முகம்மது மீரான் இரண்டு பேரோடு வந்து மறுபடியும் பேசினார். இந்தத் தடவை சுல்ஃபியா சண்டை போடவில்லை. "பதினோரு நாளு கடலுல தேடினது மச்சான். மச்சான் அவருக்க வாயால ஆளு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லட்டு. அன்னைக்கே நான் இத்தா இருக்கேன்" என்றாள். கணவனின் அண்ணனை அவர்கள் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லோரும் ஷரீஃபின் வாயைப் பார்த்தார்கள். "ஞாயித்துக்கெழம சொல்லுகேன்" என்றுவிட்டு அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வார்த்தைக்கு எதற்கு இரண்டு நாள் என்று கேட்பீர்கள். அவர் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று இருக்கிறது. புயல் ஓய்ந்ததும் இரவல் வள்ளத்தில் தேடப் போன நாலாம் நாள் விடியற்காலை. கூட வந்த ஸ்டெனியும் மரியஜானும் மூன்று நாள் கண்ணடைக்காமல் கிடந்து அப்போதுதான் உறங்கியிருந்தார்கள். ஷரீஃப் தனியாக எஞ்சின் தண்டைப் பிடித்து வள்ளத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் ஆலாக்கள் உட்கார்ந்திருந்தன. அதற்கு முந்தின நாள்தான் மிதந்து வந்த ஒரு மய்யித்தை, யாரோ ஒருவரின் பிணத்தைக் கண்டிருந்தார்கள், அதன்மேலும் பட்சிகள் இருந்தன, அவை என்ன செய்துகொண்டிருந்தன என்பதையும் பார்த்திருந்தார்கள். அது யாரோ எவரோ. இது தம்பியாக இருந்தால்? வேண்டாம் ரப்பே என்று வள்ளத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து அதே திசையில் இருந்துதான் கயிறு கட்டிய வள்ளம் வந்தது.

அன்றிலிருந்து அவருக்கு எல்லாம் மரத்துப்போயிற்று. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. மனைவி மும்தாஜ் ஒரு நாள் கறியில் உப்புப் போட மறந்துவிட்டாள். மனுசர் பேசாமல் உண்டு எழுந்து கை கழுவினார். அவள்தான் பிறகு உண்டு பார்த்துவிட்டு, "யா அல்லா, இதையா தின்னிய?" என்று நெஞ்சில் கைவைத்தாள். இரண்டு வருஷம் கடல் பக்கம் திரும்பவில்லை. அப்புறம் யாரோ சொல்லி இந்தப் பட்சி காட்டும் வேலைக்கு வந்தார். இதுவும் ஒரு வேலை, செய்தார்.

அன்றைக்கு வந்தவர்கள் கருங்கல்லில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அனில்குமாரும் அவர் மனைவி ஆதிராவும். அனில்குமாரின் கேமராவில் பாதிக் கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். அதைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினார். ஆதிராவின் கையில் பட்சிப் புத்தகம், கழுத்தில் பைனாகுலர், தலையில் பெரிய தொப்பி. கல்யாணம் கழிந்து பதினாறு வருஷத்தில் இரண்டு பேருமாகச் சும்மா இருக்க வந்த முதல் நாள் இது என்று ஏறும்போதே சொல்லிவிட்டாள்.

சாப்பாட்டுப் பாத்திரத்தை எப்போதும் மும்தாஜ் கரைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாள். அன்றைக்குக் கொண்டுவந்தது சுல்ஃபியா. கொடுத்துவிட்டுப் போகவும் இல்லை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி வள்ளத்தில் ஏறினாள்.

"மும்தாஜ் லாத்தாவுக்கு முட்டுவலி. வெளம்பிக் குடுக்க ஆளு வேண்டாமா?" என்றாள்.

எட்டு வருஷமாக வள்ளத்தைக் கையால் தொடாதவள். அவள் நடுப்பலகையில், முன்புறத்துக்கு முதுகைக் காட்டி, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள். சரிதான், சாயங்காலம் வரை இவள் கண்ணுக்கு முன்னால்தான் என்று அவருக்குப் புரிந்தது. எஞ்சினை இழுத்துவிட்டார்.

தை மாதத்துக் காலைக் கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது. பொழிமுகத்தைத் தாண்டி அரை மணி நேரத்தில் ஓங்கல்கள் வந்துவிட்டன. அதுதான், இந்தக் காலத்தில் டால்பின் என்கிறார்களே, அதுவேதான். முதலில் இரண்டு, பிறகு ஒரு குடும்பமே. வள்ளத்தின் இரண்டு பக்கமும் முதுகைக் காட்டிக் காட்டி முங்கின. ஆதிரா தொப்பி பறந்ததைக்கூடக் கவனிக்காமல் எழுந்து நின்று கை தட்டினாள்.

"எங்க அம்மச்சீ! அனிலேட்டா, குட்டி, குட்டி! குட்டியைப் பாருங்க!"

"இரு, ஃபோக்கஸ் ஆகட்டு!"

"நீங்க ஃபோக்கஸ் செய்து முடிக்கதுக்குள்ள அதுக்குக் கல்யாணம் கழிஞ்சிரும்!"

ஷரீஃப் எஞ்சினை அணைத்து வள்ளத்தை மிதக்க விட்டார். ஓங்கல் ஓடும் போக்கைப் பார்த்து, கிழக்கே சாளைக் கூட்டம் நகர்கிறது என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. அழகாகத்தான் இருக்க வேண்டும், இவர்கள் இப்படித் துள்ளுகிறார்களே என்று நினைத்தார். சுல்ஃபியா திரும்பி ஒரு தடவை ஓங்கலைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, அந்த வெள்ளைப் பட்சிக்கு என்ன பேரு?" என்று ஆதிரா கேட்டாள்.

"மீன் தின்னுகிற பட்சி."

அனில்குமார் விழுந்து விழுந்து சிரித்தார். ஆதிரா புத்தகத்தைப் புரட்டி, கொண்டை ஆலா என்று கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டாள். அப்புறம் அவள் கேட்டதற்கெல்லாம் ஷரீஃப் தன் பாணியிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். இது வட்டம் போடுகிறது, மீன் ஆழத்தில். அது விழுகிறது, மீன் மேலே. புத்தகத்தில் இல்லாத சங்கதி என்று ஆதிரா அதையும் பக்க ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

"அப்பம் அங்க தெரியுதே, நாலஞ்சு உக்காந்திருக்கு. அதுக்கு என்ன அர்த்தம் அண்ணே?"

அவள் கை காட்டிய திசையை ஷரீஃப் பார்த்தார். பார்த்தாரோ இல்லையோ, கை தண்டைத் தள்ளிவிட்டது. வள்ளம் மூக்கைத் திருப்பிக்கொண்டு மேற்கே போயிற்று. அவர் முடிவு செய்யக்கூட இல்லை, கையே செய்துவிட்டது.

"அண்ணே, அண்ணே, பட்சி அந்தப் பக்கம்!" என்று அனில்குமார் கத்தினார்.

"அங்க ஒண்ணும் இல்ல சார்."

"அது எப்படி, உக்காந்திருக்கே!"

சுல்ஃபியா கழுத்தைத் திருப்பி அந்தத் திசையைப் பார்த்தாள். மீன்காரன் வீட்டில் பிறந்து மீன்காரனைக் கட்டினவள். பட்சி உட்கார்ந்தால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பிறகு தண்டில் இருந்த அவர் கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்து ஏதோ ஒன்று இறங்கிப்போனதை ஷரீஃப் பார்த்தார்.

"வள்ளத்தைத் திருப்புங்க மச்சான்" என்றாள்.

திருப்பினார்.

கிட்டப் போனதும் நாலு ஆலாக்கள் எழுந்து பறந்தன. அறுந்துபோன வலைக் கும்பல் ஒன்று, அதில் ஒரு தெர்மாகோல் துண்டு, வலைக்குள் ஒரு ஆமை. பங்குனி ஆமை, நல்ல பெரிசு. கழுத்திலும் முன்துடுப்பிலும் நைலான் சுற்றி இறுகி, அசைய முடியாமல் கிடந்தது. முதுகெல்லாம் பட்சி எச்சம். செத்ததுதான் என்று அனில்குமார் கேமராவைத் தாழ்த்தினார். அந்நேரம் அது தலையைப் பைய உயர்த்தி வாயைத் திறந்து மூச்சு விட்டது.

"உசிரு இருக்கு!" என்று ஆதிரா அழுதேவிட்டாள்.

ஷரீஃபின் கை தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சுல்ஃபியாதான் சாப்பாட்டுக் கூடையில் இருந்து கத்தியை எடுத்தாள், வள்ளத்து ஓரத்தில் வயிற்றை வைத்துக் குனிந்தாள். அனில்குமார் வலையை இழுத்துப் பிடிக்க, அவள் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. ஆமை விடுபட்டதும் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாததுபோல் அங்கேயே கிடந்தது. பிறகு துடுப்பை இரண்டு வீச்சு வீசி முங்கிப் போய்விட்டது. ஆதிரா சுல்ஃபியாவைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். சுல்ஃபியா கத்தியைத் துடைத்துக் கூடையில் வைத்தாள்.

மதியத்துக்கு வள்ளத்தை ஆற்றுக்குள் கொண்டுவந்து, தாழம்புதர் ஓரமாகத் தென்னை நிழலில் கட்டினார்கள். மசித்து மயக்கிய மரச்சீனிக் கிழங்கும் நெய்மீன் கறியும். அனில்குமார் மூன்று தடவை வாங்கித் தின்றுவிட்டு, வள்ளத்தின் முன்பக்கம் பாய் விரித்துச் சாய்ந்தவர் ஐந்து நிமிஷத்தில் குறட்டை விட்டார். ஆதிரா காலைத் தண்ணீரில் தொங்கப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் மீன்கொத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்படி ஒரு நாளு எனக்கு வாழ்க்கையில கெடச்சதில்ல அக்கா" என்று சுல்ஃபியாவிடம் சொன்னாள். பிறகு அவளும் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு உறங்கிப்போனாள்.

சுல்ஃபியா பாத்திரங்களைக் கழுவி அடுக்கினாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கும் திருப்பினியளா?"

என்றைக்கு என்று கேட்டுத் தப்பித்திருக்கலாம். ஷரீஃபுக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை.

"திருப்பினேன்."

"எத்தனாம் நாளு?"

"நாலாம் நாளு. வெளுக்க நேரம்."

"கூட உள்ளவங்க?"

"ரெண்டு பேரும் உறக்கம்."

"எம்புட்டுத் தூரம்?"

"பத்து நிமிச ஓட்டம்."

பத்து நிமிஷம் என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அவர் முந்தின நாள் கண்ட மய்யித்தைப் பற்றிச் சொன்னார். பட்சிகளைப் பற்றிச் சொன்னார். அப்படி அவனைப் பார்க்கத் தனக்குப் பெலம் இல்லை என்று சொன்னார். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று சொல்லுகிற அதே குரலில்தான் எல்லாவற்றையும் சொன்னார். வேறு குரல் அவரிடம் இல்லை.

"மௌத்தாயிட்டாருன்னு நீங்களே முடிவு கெட்டிட்டிய."

"ஆமா."

"அந்த ஆமைக்கு மேலயும் பட்சி இருந்திச்சு மச்சான். அதுக்கு உசிரும் இருந்திச்சு."

அவள் கத்துவாள், தலையில் அடித்துக்கொள்வாள், ஊரைக் கூட்டுவாள் என்று ஷரீஃப் எட்டு வருஷமாக நினைத்து வைத்திருந்தார். அவள் அழவே இல்லை. முன்பக்கத்தில் உறங்குகிறவர்களை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு கப்பலும் ஏத்திட்டுப் போகல்ல. நான் இத்தா இருக்கேன். இன்னைக்கே. ஆனா ஒண்ணு. எனக்க பிள்ளைக்கு இந்தக் கதை தெரியப்படாது. வாப்பா அசைய முடியாம கெடக்கும்ப பெரியவாப்பா திரும்பிப் போனாருன்னு அவ கேக்கப்படாது. நீங்க பள்ளியில போயி மய்யித்தைக் கண்டேன்னு சொல்லுங்க. முகத்தைக் கண்டேன், எடுக்கக்கூடிய நெலயில இல்ல, யாசீன் ஓதிட்டு விட்டுட்டேன்னு சொல்லுங்க."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல்லன்னு கேப்பாங்க."

"நாவு வரல்லன்னு சொல்லுங்க. அது நெசம்தானே."

அவர் தலையாட்டினார். மீன்கொத்தி ஒன்று தண்ணீரில் விழுந்து எழுந்தது. சுல்ஃபியா எழுந்து கூடையை எடுத்துக்கொண்டாள். வண்டிப்பாதை பக்கத்தில்தான், நடந்து போய்விடலாம்.

"நாலு மாசம் பத்து நாளு நீங்க எனக்க முன்ன வரப்படாது. அது மார்க்கம்" என்றாள். "அதுக்குப் பொறவும் வராதீங்க. அது நான் சொல்லுகது."

இறங்கிப் போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்து எழுந்த ஆதிரா, "அக்கா எங்கே? சொல்லாமப் போயிட்டாங்களே" என்று வருத்தப்பட்டாள். வீட்டில் ஒரு காரியம் இருக்கிறது என்றார் ஷரீஃப். சாயங்காலம் வரை கொக்குகள் அடையும் மரம், நீர்க்காகம் சிறகு காயவைக்கும் பாறை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் காட்டினார். கரையில் இறங்கும்போது அனில்குமார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, அடுத்த மாதமும் வருவோம் என்றார். வாங்க சார் என்றார்.

மஃரிப் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் முகம்மது மீரானிடம் சொன்னார். கண்டேன். முகத்தைக் கண்டேன். எடுக்கக்கூடிய நிலையில் இல்லை. யாசீன் ஓதினேன். சொல்லிக் கொடுத்தது ஒன்று விடாமல் வந்தது. ஏன் இத்தனை வருஷம் மறைத்தாய் என்று கேட்பார்கள் என்று பயந்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

"எட்டு வருஷம் இதை நெஞ்சுக்குள்ள வச்சிட்டு நடந்தியே மக்கா! எப்படித் தாங்கின?" என்று முகம்மது மீரான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்தார்கள். ஷரீஃப் கையைத் தொங்கப் போட்டபடி நின்றார். அவர்களுடைய சட்டை வியர்வை கழுத்தில் பட்டது. அது மட்டும்தான் தெரிந்தது. அப்போதே ஷமீருக்காக, உடல் இல்லாமல் தொழும் காயிப் ஜனாஸாத் தொழுகையை நடத்தினார்கள். இவரை முன் வரிசையில் நிறுத்தினார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் தம்பி வீடு. கதவு அடைத்திருந்தது. தாண்டிப் போய்விடலாம் என்று தலையைக் குனிந்து நடந்தவரை இர்ஷாதா முற்றத்தில் இறங்கி வந்து வழிமறித்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"பெரியவாப்பா, நெசமாட்டு முகத்தைப் பாத்தியளா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்திச்சு?"

"உறங்குனது போல."

"தாடி?"

"கொஞ்சம் வளந்திருந்திச்சு."

இர்ஷாதா தலையாட்டினாள். "வாப்பாவுக்கு நாலு நாளுல வளந்திரும்" என்று சொல்லி, அழுகைக்கு நடுவில் சிரித்தாள். பிறகு அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அது ஒண்ணுதான் பெரியவாப்பா பயமா இருந்திச்சு. அத்தனை பெரிய கடலுல அவரு ஒத்தைக்குக் கெடந்திருப்பாரோன்னு. ஒத்தைக்கு இல்லதானே?"

"இல்ல மக்கா" என்றார் ஷரீஃப். "நான் இருந்தேன்."